மலையடிவாரத்தில் வளர்ந்தவர்களே, மலை உங்களுக்கு என்ன செய்தது?

கம்பத்துக்காரன் எழுதியது:

சென்னைக்கு வந்த முதல் வருடம் எனக்குத் திசையே பிடிபடவில்லை. கம்பம் பக்கத்துக் கிராமம் எனக்கு. அங்கே மேற்கு என்று யாரும் சொல்ல மாட்டோம், ‘மலைப்பக்கம்’ என்போம். வீட்டு வாசல், மாட்டுக் கொட்டம், குளிக்கும் இடம் எல்லாம் மலைப்பக்கமா, மலைக்கு எதிர்ப்பக்கமா என்றுதான் கணக்கு. இங்கே எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்தாலும் மலை இல்லை. பேருந்தில் ஏறி எதிர்த்திசையில் போய் இறங்கிய நாட்கள் நிறைய.

போன மாதம் ஊருக்குப் போனபோது மொட்டை மாடியில் நின்று என் மகளுக்கு மலையைக் காட்டினேன். உச்சியில் மேகம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஏலத்தோட்டம். அதற்குக் கீழே காப்பியும் மிளகும். அப்புறம் இலவமரம், அதற்கும் கீழே தென்னை, திராட்சைப் பந்தல். அடியில் முல்லையாற்று ஓரம் நெல். ஒரே பார்வையில் அத்தனையும் தெரியும். எந்த உயரத்தில் எது விளைகிறதோ அதை வைத்துத்தான் எங்கள் ஊரில் யாருக்கு என்ன வேலை என்பதும் முடிவாகிறது.

அம்மா 22 வருடமாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார். மூன்றரைக்கு எழுந்து சோறு வடித்து, தூக்குவாளியில் கட்டிக்கொண்டு, ஆறு மணிக்குள் ஜீப். கம்பம்மெட்டு ஏறினால் கேரளம். கீழே வெயில் காயும் நாளிலும் மேலே மழை. அதனால் பையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் தாள், அட்டைப்பூச்சிக்கு ஒரு பொட்டலம் புகையிலைத் தூள், பழைய ஸ்வெட்டர். முக்கால் மணி நேர ஜீப் பயணத்தில் வேறு நாட்டுக்குப் போய், சாயங்காலம் திரும்பி வருவது போலத்தான்.

மலை அழகு, குளிர், சுற்றுலா இதெல்லாம் எல்லோரும் எழுதுகிறார்கள். நான் கேட்பது வேறு. உங்கள் வீட்டில் எது விளைந்தது, யார் எங்கே வேலைக்குப் போனார்கள், யாரைக் கட்டினார்கள், எதற்குப் பயந்தார்கள், இதில் மலை எதை முடிவு செய்தது? நேரம் எடுத்து எழுதுங்கள், நான் எல்லாவற்றையும் படிப்பேன்.

---

தென்காசிச்சாரல் எழுதியது:

அண்ணே, அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்கு மலை சுவராக நிற்கிறது. எங்களுக்கு அதில் ஒரு வாசல் இருக்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே நுழைந்துவிடும். ஜூன் பிறந்தால் வெயிலும் தூறலும் ஒரே நேரத்தில். அதைத்தான் சாரல் என்கிறோம். துணி காயாது, உப்பு டப்பாவில் தண்ணீர் நிற்கும், பாட்டிக்கு மூட்டு வலிக்கும். ஆனால் கிழக்கே ஆலங்குளம் தாண்டிவிட்டால் அதே காற்று காய்ந்துபோய் வீசும். அங்கே அதற்குக் காற்றாலை வைத்திருக்கிறார்கள். ஒரே காற்று, ஒரு மணி நேரப் பயணத்துக்குள் ஒரு ஊருக்கு மழை, இன்னொரு ஊருக்கு மின்சாரம்.

எங்கள் வீட்டுப் பொருளாதாரமே குற்றாலம் சீசன்தான். அப்பா அருவிக்கரையில் எண்ணெய்க் கடை போட்டிருந்தார். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் இந்த மூன்று மாத வருமானத்தில் ஒன்பது மாதம் ஓட்ட வேண்டும். சாரல் பொய்த்த வருடம் பள்ளிக் கட்டணம் தீபாவளிக்கு அப்புறம்தான் கட்டுவோம். இன்றும் மே மாதக் கடைசியில் அப்பா அதிகாலையில் வாசலில் வந்து மேற்கே பார்த்துக்கொண்டு நிற்பார். மலை பக்கத்தில் வந்தது போலத் தெளிவாகத் தெரிந்தால் மழை வருகிறது என்று அர்த்தம்.

கல்யாணம் பற்றியும் கேட்டீர்களே. எங்கள் அத்தை மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்துப் புனலூரில் வாழ்க்கைப்பட்டார். கொல்லம்–செங்கோட்டை ரயில் 1904-இல் வந்தது. அதற்கு முன்பே கணவாய் வழியாக மாட்டுவண்டியில் அரிசியும் வற்றலும் போய், பாக்கும் தேங்காயும் வந்துகொண்டிருந்ததாகத் தாத்தா சொல்வார். வழி இருந்த இடத்தில் உறவும் இருந்திருக்கிறது. உங்கள் பக்கம் மேட்டுக்கு அந்தப்பக்கம் சம்பந்தம் உண்டா?

பயம் என்றால் திடீர் வெள்ளம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நொடியில் வெள்ளம் இறங்கி ஒரு சிறுவனைக் கொண்டுபோய்விட்டது. கீழே அப்போது அவ்வளவு மழை இல்லை. மேலே பெய்தது கீழே இருப்பவனுக்குத் தெரிவதில்லை.

---

பல்லடம்_தறி எழுதியது:

நல்ல இழைங்க. ஆனால் ஒரு மாற்றுக் கருத்து. மலை முடிவு செய்கிறது என்று சொல்வதைவிட, மலையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது.

இயற்கை போட்ட ஓட்டை பாலக்காட்டுக் கணவாய். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30 கிலோமீட்டருக்கு மேல் அகலம். ‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பது எங்களுக்கு வெறும் பழமொழி இல்லை, ஆடியில் எங்கள் தறிக்கூடத்தின் தகரம் உண்மையாகவே பறந்திருக்கிறது. பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகள் நிற்பதும் அந்தக் காற்றை நம்பித்தான்.

மனிதன் போட்ட ஓட்டை சுரங்கம். கோவைக்குச் சிறுவாணித் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தில் வருகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் மேற்கே ஓடவேண்டிய தண்ணீரைச் சுரங்கமும் கால்வாயுமாகத் திருப்பித்தான் பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் எங்கள் பல்லடத்துக்கும் பாய்கிறது. கம்பத்துக்காரரே, உங்கள் முல்லையாற்று நெல்லும் அப்படித்தானே? 1932-இல் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் மலையிலிருந்து இறங்கிய பிறகுதான் கோவையில் மில்கள் பெருகின, கிணற்றில் மோட்டார் ஓடியது. மலை சும்மா நின்றது. குடைந்தவனும் கம்பி இழுத்தவனும்தான் வாழ்க்கையை மாற்றினான்.

---

கம்பத்துக்காரன் எழுதியது:

பல்லடத்தண்ணே, பாதி ஒத்துக்கொள்கிறேன். முல்லைப்பெரியாறு அணை 1895-இல் முடிந்தது. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றை மறித்து, மலைக்குள் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் வெட்டி, இந்தப்பக்கம் இறக்கினார்கள். அதற்கு முன் எங்கள் பள்ளத்தாக்கில் மலையைப் பார்த்துக்கொண்டே பட்டினி கிடந்தவர்கள் உண்டு. மேலே மேகம் முட்டிக்கொண்டு நிற்கும், கீழே புழுதி. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம். ஜூனில் தண்ணீர் திறந்தால் ஊரில் நாற்றங்கால் வேலை தொடங்கிவிடும். அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக் படம் மாட்டியிருக்கும் டீக்கடைகள் எங்கள் பக்கம் சாதாரணம். அவர் பிறந்த நாள் ஜனவரி 15, பொங்கலோடு சேர்ந்து வருவதால் அவருக்கும் பொங்கல் வைப்பார்கள். அணை கட்டும்போது வெள்ளத்தில் வேலை அடித்துக்கொண்டு போனது, காய்ச்சலிலும் காலராவிலும் நூற்றுக்கணக்கான கூலிகள் செத்தார்கள். அவர்கள் பெயர்தான் யாருக்கும் தெரியாது. எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

ஆனால் ‘மலை சும்மா நின்றது’ என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த மேகத்தைப் பிடித்து நிறுத்தியது மலைதான். அது நிறுத்தாவிட்டால் திருப்புவதற்குத் தண்ணீர் ஏது?

தென்காசித் தம்பி, சம்பந்தம் நிறைய உண்டு. எங்கள் தெருவிலேயே கேரளத்துக் கட்டப்பனைப் பக்கம் வாழ்க்கைப்பட்ட பெண்கள் மூன்று பேர்.

---

வால்பாறைவாத்தியார் எழுதியது:

நான் வால்பாறையில் எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில்) பிறந்து, இப்போது அங்கேயே ஆசிரியராக இருப்பவன். நீங்கள் எல்லோரும் கீழேயிருந்து மேலே பார்த்து எழுதுகிறீர்கள். மேலே இருப்பவர்களுக்கு மலை பார்ப்பதற்குரிய பொருள் இல்லை, காலுக்கடியில் இருப்பது.

எங்கள் பிள்ளைகளின் நாளை யானைதான் நேரம் குறிக்கிறது. தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாகக் காடு நிற்கிறது, யானைகள் ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தேயிலை வழியாகத்தான் நடக்க வேண்டும். அதனால் குறிப்பிட்ட இடங்களில் சிவப்பு விளக்குக் கம்பம் வைத்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் யானை இருந்தால் கைப்பேசியிலிருந்தே விளக்கை எரிய விடலாம். சாயங்காலம் கடைசிப் பேருந்தில் வருகிறவர்கள் இறங்குவதற்கு முன் அந்த விளக்கைப் பார்ப்பார்கள். பல வருடங்களாக இது உயிர்களைக் காப்பாற்றி வருகிறது. வீட்டுப்பாடம் எழுதவில்லை என்றால் நான் முதலில் கேட்பது ‘நேற்று உங்கள் டிவிஷனில் லைட் எரிந்ததா?’ என்றுதான். யானை நின்ற இரவில் லயத்தில் யாரும் விளக்கடியில் உட்கார்ந்து எழுத மாட்டார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெறும்போது லயன் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். மூன்று தலைமுறை ஒரே மலையில் வாழ்ந்தும் சொந்தமாக ஒரு அடி நிலம் கிடையாது. அப்பா ஓய்வு பெற்று, கீழே சமவெளியில் இருக்கும் ஆனைமலை ஊரில் வாடகை வீட்டுக்குப் போனார். முதல் கோடையில் அவரால் மூச்சுவிட முடியவில்லை. அறுபது வருடம் குளிரில் இருந்த உடம்பு அது.

---

மேற்குமலைச்செவிலி எழுதியது:

நான் மலைக் கிராமங்களுக்குப் பொறுப்பான கிராம சுகாதாரச் செவிலியர். 14 வருடம் ஆகிறது. ஊர் பெயர் வேண்டாம்.

தண்ணீர், காற்று, மின்சாரம் எல்லாம் எழுதிவிட்டீர்கள். மூன்றுமே மலையிலிருந்து கீழே போனவை. மேலே என்ன போயிற்று என்று யாராவது பார்த்தீர்களா? என் பொறுப்பில் இருக்கும் பளியர் பழங்குடிக் குடியிருப்புக்கு வாகனம் போகாது. எத்தனை கிலோமீட்டர் என்று அங்கே கேட்டால் பதில் வராது, ‘ஏற ரெண்டரை மணி நேரம், இறங்க ஒன்னேகால்’ என்பார்கள். அதுவும் மழை இல்லாத நாள் கணக்கு. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு காலை ஆறு மணிக்கு ஏறத் தொடங்குவேன், பனிக்கட்டி உருகுவதற்குள் மேலே போய்ச் சேர வேண்டும்.

கர்ப்பிணிகளை எட்டாம் மாதமே கீழே உறவினர் வீட்டுக்கு வரச் சொல்வேன். வர மாட்டார்கள். கீழே யார் சோறு போடுவது, மேலே இருக்கும் மூத்த பிள்ளைகளை யார் பார்ப்பது? வலி வந்தால் போர்வையைக் கம்பில் கட்டி டோலி. நாலு பேர் சுமக்க, நாலு பேர் மாற்று. ஒரு முறை ஓடை கடக்க முடியாமல் இரவு முழுக்க ஒரு பாறைக்கடியில் உட்கார்ந்திருந்தோம். அந்தக் குழந்தைக்கு இப்போது ஆறு வயது. மலை ஏறிப் போனால் முதலில் ஓடி வருவது அவள்தான்.

ஆனால் பாவப்பட்ட ஜனங்கள் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். தேன் எந்தப் பாறையில் எந்த மாதம், கல்பாசி எந்த மரத்தில், எந்த ஓடை எப்போது வற்றும் என்று அவர்களுக்குத் தெரிந்தது எந்த அலுவலகக் கோப்பிலும் இல்லை.

சாலைக்கு வனத்துறை விடாது என்று எல்லோரும் சொல்வார்கள். 2006 வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவைப் படியுங்கள். பள்ளி, அங்கன்வாடி, மருந்தகம், குடிநீர், சாலை என்று 13 வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராமசபை பரிந்துரையோடு எடுக்கலாம். சட்டம் இடம் கொடுக்கிறது. மனு எழுதிக் கொடுக்கத்தான் ஆள் வேண்டும். நான் மூன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

---

தென்காசிச்சாரல் எழுதியது:

அக்கா, இந்தப் பிரிவு எனக்கு இதுவரை தெரியாது. எங்கள் பக்கம் காணிக்காரர் பழங்குடிக் குடியிருப்பு ஒன்றில் சோலார் விளக்குக் கேட்டு அலைகிறார்கள். மனு மாதிரி இருந்தால் தனிச்செய்தியில் அனுப்ப முடியுமா?

---

மேற்குமலைச்செவிலி எழுதியது:

அனுப்பிவிட்டேன் தம்பி. கிராமசபைத் தீர்மான நகலைக் கண்டிப்பாக இணைக்கச் சொல்லுங்கள்.

---

கயத்தாற்றுக்காரன் எழுதியது:

எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் மலை வெகு தூரத்தில் ஒரு நீலக்கோடு. ஆனாலும் இந்த இழையில் எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

கயத்தாறு பக்கம் மானாவாரி பூமி. மழை இல்லாத வருடங்களில் எங்கள் ஆட்கள் மூணாறு தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். ஆள் சேர்க்கும் கங்காணி வந்து முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போன காலத்திலிருந்தே போக்குவரத்து உண்டு. எங்கள் அய்யாவின் தம்பி அப்படிப் போனவர்தான். கோயில் கொடைக்கு எல்லோரும் இறங்கி வருவார்கள், கையில் தேயிலைத் தூள் பொட்டலத்தோடு. சிறு வயதில் அந்த வாசனைதான் எனக்கு மலை.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை இறங்கி நாலு வரிசை லயங்களை மூடியது. 70 பேர். பெரும்பாலானவர்களுக்கு எங்கள் பகுதிதான் பூர்வீகம். அடைமழையில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது. கொரோனா காலம் வேறு, இங்கிருந்து கிளம்பிப் போகவே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. நான் போனேன். அந்த இடத்தில் ஒரு தெருவே இருந்தது என்று நம்ப முடியவில்லை, உருண்டு வந்த பாறைகளும் சேறும்தான். பல உடல்களை ஆற்றோரமாக வெகு தூரம் போய்த்தான் கண்டெடுத்தார்கள்.

எங்களை மலைக்கு அனுப்பியது எங்கள் ஊர் வறட்சி. அந்த வறட்சிக்குக் காரணம் மழையை அந்தப்பக்கமே நிறுத்திவிடும் மலை. அந்தப்பக்கம் பெய்த மழைதான் அவர்களைக் கொண்டுபோனது. இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

---

பல்லடம்_தறி எழுதியது:

கயத்தாற்று அண்ணே, என்ன எழுதுவதென்று தெரியவில்லை. மன்னிக்கவும். ‘மலை சும்மா நின்றது’ என்று நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஒரு கேள்வி, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இவ்வளவு ஆபத்து இருக்கும் சரிவிலிருந்து மக்களைக் கீழே குடியேற்றுவதுதானே நியாயம்?

---

கோத்தகிரி_கொழுந்து எழுதியது:

இந்தக் கேள்வியைக் கேட்கும் எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆபத்து மலையில் இல்லை, மலையில் எந்த இடத்தில் வீடு என்பதில் இருக்கிறது.

நான் நீலகிரிப் படகர். எங்கள் பழைய ஹட்டிகளை, அதாவது ஊர்களைப் பாருங்கள். வீடுகள் வரிசையாக ஒட்டி ஒட்டி, சரிவின் நடுவில் சற்றுச் சமமான திட்டில் இருக்கும். ஓடையோரம் வீடு கட்ட மாட்டார்கள், அது தண்ணீருக்கும் மாட்டுக்கும் பயிருக்கும் விட்ட இடம். எங்கள் ஹட்டியில் 2009 நவம்பர் மழையிலும் ஒரு சுவர்கூட விழவில்லை. அந்த மழையில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் பக்கம் விழுந்தவை ஓடையை மறித்தும், சாலைக்காகச் செங்குத்தாக வெட்டிய மண்ணின் அடியிலும் மேலுமாகப் பிற்பாடு கட்டியவை. அங்கே இருந்தவர்கள் ஆசைப்பட்டுப் போகவில்லை. வேறு நிலம் கிடைக்காமல் போனவர்கள். லயத்தை எங்கே கட்டுவது என்றும் தொழிலாளியைக் கேட்டுக் கட்டியதில்லை.

எங்கள் தலைமுறையும் தப்பு செய்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கேரட்டுக்கு விலை இருக்கிறது என்று செங்குத்தான சரிவிலும் மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டோம். மழையில் மண் சிவப்பாக ஓடையில் போவதை நின்று பார்த்திருக்கிறேன். என் தாத்தா காலத்துச் சாமையும் கோதுமையும் அந்தச் சரிவில் இப்படி மண்ணை விட்டதில்லை என்று அவர் சொல்வார். இப்போது குறுக்கே வரப்புப் போட்டு, ஓரத்தில் புல் வைத்திருக்கிறேன். பச்சைத் தேயிலைக்கு விலை கட்டுபடியாகாத மாதங்களில் காய்தான் வீட்டைக் காப்பாற்றுகிறது, அதை விடவும் முடியவில்லை. ஜனவரி உறைபனியில் பள்ளத்தில் இருக்கும் தேயிலை கருகிவிடும், மேட்டில் இருப்பது தப்பிக்கும். நூறு அடி உயர வித்தியாசம்தான். அண்ணன் முதல் பதிவில் எழுதியது போல, இங்கே எல்லாமே உயரம்தான்.

கீழே கொண்டுபோய்க் குடியேற்றுங்கள் என்கிறீர்கள். என் மகன் கோவையில் வேலை பார்க்கிறான், அவனாகத்தான் போனான். ஆனால் ஹெத்தை அம்மன் பண்டிகைக்கு வராமல் இருந்ததில்லை. எங்களை நகர்த்த வேண்டாம். ஓடையை மறிக்காதீர்கள், சரிவை வெட்டினால் தண்ணீர் வடிய வழி விடுங்கள். அது போதும்.

---

வால்பாறைவாத்தியார் எழுதியது:

‘தண்ணீர் வடிய வழி’. எங்கள் பள்ளியின் பின்சுவர் கட்டும்போது பாதிப்பேர் இதைத்தான் கேட்டோம். வடிகுழாய் இல்லாமல் கட்டிய தடுப்புச்சுவர் மூன்றாவது மழையில் வயிறு தள்ளியது. இந்தப் பதிவைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறேன் ஐயா.

---

கம்பத்துக்காரன் எழுதியது:

நேற்று இரவு அம்மாவுக்குப் போனில் இந்த இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பெட்டிமுடி வந்ததும் ‘நிறுத்துப்பா’ என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடரச் சொன்னார்.

செவிலியர் அக்கா எழுதியதைக் கேட்டுவிட்டு, அம்மா தான் வேலை செய்யும் தோட்டத்துக்கு மேலே இருக்கும் மன்னான் பழங்குடியினர் குடியிருப்பைப் பற்றிச் சொன்னார். அங்கிருந்து ஒரு அம்மா இவரோடு ஏலக்காய் எடுக்க வருவாராம். எந்தப் பாதையில் பாம்பு, எந்த ஊற்றில் குடிக்கலாம் என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தானாம். 22 வருடத்தில் எனக்கு இது தெரியாது, நான் கேட்டதும் இல்லை.

அணையைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லையாம். அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைக் கட்டிக்கொண்டு அந்த மலைக்கு மேலே 22 வருடம் போய் வந்தவர், அந்தத் தண்ணீர் நிற்கும் இடத்தைப் பார்த்ததில்லை. பொங்கலுக்கு தேக்கடிக்குக் கூட்டிப்போகப் போகிறேன். படகு போகும் ஏரி அணையின் நீர்தான். டிக்கெட்டுக்கு எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மேற்குமலைச்செவிலி எழுதியது:

படகுத் துறைக்குக் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும். அம்மாவுக்கு முட்டி எப்படி இருக்கிறது? இருபது வருடம் சரிவில் குந்தி உட்கார்ந்து காய் எடுத்தவர்களுக்கு, நான் பார்த்தவரை, பெரும்பாலும் வலது முட்டிதான் முதலில் போகும்.

---

கம்பத்துக்காரன் எழுதியது:

வலதுதான் அக்கா. எப்படிச் சரியாகச் சொன்னீர்கள்? ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார். இன்று காலையிலும் ஜீப்பில் போய்விட்டார், இந்த வாரம் காய் எடுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் மருத்துவரிடம் காட்டுகிறேன்.